நிமிர்ந்து ஓடியவள்

பதின்மூன்று வயதில் நான் எங்கள் வகுப்புப் பொடியன்களைவிட உயரம். அப்பாவின் பக்கத்தில் எல்லோருமே நெட்டை. அந்த உயரம் எனக்கு ஒரே வருசத்தில் வந்து சேர்ந்துவிட்டது. பழைய சட்டைகள் எல்லாம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டன. வேறொரு காலமாக இருந்திருந்தால் அம்மா அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பா.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வாவியின் மேற்குக் கரையில், வயல்வெளிகளுக்கு, எங்கள் பேச்சில் வட்டைகளுக்கு, நடுவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் இயக்கத்தின் கையில் இருந்தது. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வந்து கேட்டார்கள். வந்தவர்கள் வயதை விசாரிப்பதில்லை, ஆளைப் பார்த்தார்கள். உயரமான பிள்ளை என்றால் வளர்ந்த பிள்ளை. அதனால் அம்மா என்னைக் குனியப் பழக்கினா.

"தோளை உள்ளுக்கு இழு புள்ள. நாடியைத் தாழ்த்து. முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு நட."

முற்றத்தில் என்னை நடக்க வைத்துப் பார்ப்பா. வேலியோரம் போய் நின்று, ரோட்டில் வருகிற ஆளின் கண்ணால் பார்ப்பதுபோல் பார்ப்பா. "இன்னும் தெரியுது" என்பா. ரெட்டைப் பின்னல் பின்னிச் சிவப்பு ரிபன் கட்டி, என்னை எவ்வளவு சின்னப் பிள்ளையாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கினா. சில மாதங்களில் எனக்கு நிமிர்ந்து நிற்பது எப்படி என்பதே மறந்துபோனது. நித்திரையிலும் நான் மடிந்துதான் கிடப்பேன் என்று அப்பா சொல்லுவார்.

அப்படியும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. ஒருநாள் வெள்ளன என்னைக் கூட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்கு வந்தா. அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை ஒன்று ஓடும், அதைப் பாதை என்போம். அதில் ஏறி, பிறகு பஸ் பிடித்து, தேற்றாத்தீவில் இருந்த மாமி வீட்டில் கொண்டுவந்து விட்டா. மாமி என்றால் அம்மாவின் தம்பியின் மனைவி. மாமா கட்டாரில் வேலை செய்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அம்மா போகும்போது கடைசியாகச் சொன்னதும் அதுதான். "குனிஞ்சு திரி."

மாமி தையல்காரி. முன்னறையில் மெசின் போட்டிருந்தா. பிள்ளை இல்லாத வீட்டில் நான் போய் நின்றதும் அவ எனக்கே எனக்கான ஆளாகிவிட்டா. பொரித்த மீனின் நடுத்துண்டு எனக்கு. மிஞ்சிய துணியில் தைக்கும் சட்டை எனக்கு. பின்னேரத்தில் என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பா. அம்மாவைப் பிரிந்திருந்த கவலையை இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பழக்கப் புதிதாக ஒரு பீ.ரீ. சேர் வந்திருந்தார். டவுன் ஆள், இளம் வயது, முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கோலூன்றிப் பாயப்போய் உடைந்த பல் என்று பிறகு தெரிந்துகொண்டோம். காலைக் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் ஒளிந்து நிற்பேன். அவர் சுற்றி நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"நீ ஏன் மடிஞ்சு நிக்கிறாய்? நிமிரு பாப்பம்."

நிமிர்ந்தேன். "அம்மாடி!" என்றார்.

அன்று பின்னேரமே மைதானத்தில் என் கையில் ஒரு மூங்கில் கோலைத் தந்துவிட்டார். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் போட்டி அப்போதுதான் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கோல் பிடிக்கத் துணிந்த பெண் நான் ஒருத்திதான். மெத்தை கிடையாது. மணலைக் கிளறி, அதன்மேல் வைக்கோல் திணித்த சாக்குகளைப் போட்டிருந்தார். ஓடுபாதையின் முடிவில், கோலின் நுனி போய் ஊன்றுவதற்கு ஒரு தகரப் பெட்டியை நிலத்தில் புதைத்திருந்தார்.

மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவவே காற்சட்டை தைத்துத் தந்தா.

எனக்குப் பாய்வது பிடித்திருந்தது. ஓடுவதுதான் வரவில்லை. கோல் கையில் இருக்கும்போது அதன் முன்பாரம் ஆளை முன்னுக்கு இழுக்கும். அந்த இழுப்புக்கு உடம்பு மடங்கிக் கொடுத்தால் இடுப்பு பின்னால் தங்கிவிடும், முழங்கால் எழும்பாது. பெட்டிக்குள் கோலை ஊன்றுகிற நேரம் மேல்கை தலைக்கு மேலே நேராக நிற்க வேண்டும். குனிந்து வருகிறவளுக்கு அது நெற்றிக்கு முன்னால்தான் நிற்கும். கோல் ஆளைத் தூக்காது. தோளில் ஒரு உதறு உதறித் திருப்பி அனுப்பிவிடும். சேர் இதை எனக்கு எத்தனையோ விதமாகச் சொன்னார். "நெஞ்சைத் திற. தூரத்தில இருக்கிற தென்னை மரத்தைப் பார். பெட்டியைப் பாக்காத." என் முதுகில் ஒரு மரச்சட்டத்தை வைத்துத் துணியால் கட்டிக்கூட ஓடவிட்டார். நடக்கும்போது நிமிர்வேன். ஓட்டம் எடுத்ததும் அம்மாவின் குரல் எங்கிருந்தோ வந்து பிடரியைப் பிடித்து அமுக்கும்.

ஆனாலும் அந்த மைதானத்தில் நான் ஒருத்திதான். கூனி ஓடினாலும் நான்தான் முதல்.

அந்த மார்கழி விடுமுறைக்கு அம்மா என்னை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தா. நத்தார்ப் பெருநாளுக்கு மறுநாள் காலை, நானும் மாமியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், கடற்கரை ஒழுங்கையால் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கடல் வருகுது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று மாமி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. கழுவாத கையோடு மேற்கே ஓடினோம், வாவிக்கரை வரைக்கும். அங்கே நின்று, இனி ஓட இடமில்லை என்று எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வேலியோடு தண்ணீர் நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் வீடுகள் இல்லை. எத்தனையோ பேர் இல்லை.

பள்ளிக்கூடம் அகதி முகாமானது. வகுப்புகளுக்குள் குடும்பங்கள், மைதானம் முழுக்கக் கூடாரங்கள். எங்கள் மூங்கில் கோல் ஒரு கூடாரத்துக்கு நடுக்கம்பாய் நின்றது. சேர் அதைப் பார்த்துக்கொண்டு போனார், கேட்கவில்லை.

மாதங்கள் கழித்துக் கூடாரங்களைக் கழற்றினார்கள். ஆட்களைத் தற்காலிகக் கொட்டில்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பின்னேரம் நானும் சேரும் மணலில் கிடந்த குப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது மைதானத்தின் மறு பக்கத்தில் இருந்து ஒருத்தி ஓடிவந்தாள். கையில் எங்கள் கோல்.

அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடுப்போடு அணைத்து, நுனியை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முதுகு செங்குத்தாக நின்றது. முழங்கால்கள் ஒவ்வொன்றாக இடுப்பு உயரத்துக்கு வந்து போயின. தலை ஆடவேயில்லை. மைதானத்தில் கிடந்த கயிறுகளையும் முளைகளையும் பார்க்காமலே தாண்டி வந்தாள்.

"சேர், இது உங்கட கம்பாம். அப்பா குடுத்திட்டு வரச் சொன்னார்."

சேர் கோலை வாங்கவில்லை. "இன்னொருக்கா ஓடு" என்றார்.

அவள் திரும்பிப் போய் இன்னொருமுறை ஓடிவந்தாள். நான் சேரின் முகத்தைப் பார்த்தேன். என்னை நிமிரச் சொன்ன நாளில்கூட அந்த முகத்தில் அந்த வெளிச்சம் இருக்கவில்லை.

அவளின் அம்மாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அப்பா வலை வீசுகிற ஆள். அதற்குப் பிறகு கடலுக்குப் போகாமல் வாவியில் மட்டும் தொழில் செய்தார், கதைப்பதும் குறைந்துவிட்டது. அவள் என் வகுப்பில் சேர்ந்தாள். என்னைவிட ஒரு விரல்தான் உயரம் குறைவு. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவள்தான் உயரம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதன்பிறகு மைதானத்தில் நான் கேட்டதெல்லாம் "அவளைப் பார்" என்பதுதான். அவள் முழங்காலைப் பார். அவள் இடுப்பைப் பார். வெளிநாட்டு உதவியில் பள்ளிக்கூடத்துக்கு வளைகிற கோல் ஒன்று வந்தது. சேர் அதை முதலில் அவள் கையில் கொடுத்தார். அவள் என் பழைய உயரத்தை ஒரு மாதத்தில் தாண்டினாள்.

மைதானத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளின் அப்பா ஒரு கோர்வை மீனோடு மாமி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கொட்டிலுக்குக் கதவு இல்ல. நான் தொழிலுக்குப் போனா இவள் தனிய. பொம்புளப் புள்ள..." மீன் கோர்வையை மாமியிடம் நீட்டினார்.

"இஞ்ச விடுங்க அண்ணன். ரெண்டோட மூண்டா இரிக்கட்டும்" என்று மாமி உடனே சொன்னா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் ஒரு பையோடு வந்தாள். என் கட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டாள். என் மாமியை அவளும் மாமி என்றாள். பின்னேரங்களில் மாமியின் மடியில் அவளின் தலை கிடந்தது. மீனின் நடுத்துண்டு இப்போது அவளின் பீங்கானுக்குப் போனது. "தாயில்லாப் புள்ள" என்று மாமி என் காதில் சொல்லுவா. நான் வால் துண்டின் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன். அவள் ஒன்றும் கேட்டு வாங்குகிற ஆளில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கோபிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

என் முதுகோடு மாரடித்துக் களைத்துப்போன சேர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"என்னால ஏலா. நீ இவளைக் கூட்டிக்கொண்டு வாவிக்குப் போ. முழங்கால் தண்ணியில ரெண்டு பேரும் ஓடுங்க. நீ எப்படி ஓடுறியோ அதை இவளுக்குச் சொல்லிக்குடு."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் போனேன். பள்ளிக்கூடத்தில் இருந்து வாவி கிட்டத்தான். கரையோரம் வெகுதூரத்துக்கு ஆழம் இல்லை. அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி ஓடினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்தது. நான் ஓடினேன். நாலு எட்டு வைப்பதற்குள் முகம் குப்புற விழுந்தேன்.

"எழும்பு" என்றாள். "நீ முதுகைப் பத்தியே யோசிக்கிறாய் கா. முதுகை விடு. இடுப்பு பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது, அதை முன்னுக்குக் கொண்டு வா. காலைத் தண்ணிக்கு வெளிய எடுத்து வை. முதுகு தானா வரும்."

அவள் பின்னால் வந்து தன் இரண்டு கைகளாலும் என் இடுப்பைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள். எனக்கு அவளின் கை படுவதே பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது சரியாக இருந்தது. ஒரு கிழமை ஓடியதும் தண்ணீருக்குள் விழாமல் ஓடினேன். இன்னொரு கிழமையில், கரையில் நின்று பார்த்த சேர் கை தட்டினார். சேர் மாதக்கணக்காகச் சொல்லியும் எனக்கு வராததை அவள் இரண்டு கிழமையில் வரவைத்துவிட்டாள். அதுவும் எனக்குச் சந்தோசம் தரவில்லை.

ஒருநாள் வெடித்தேன். "இவ்வளவு காலமும் எனக்கு ஏன் வரல்ல தெரியுமா? எங்கட அம்மா என்னைக் குனிய வச்சவ. புடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு. உனக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது."

அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "ஓம், விளங்காது. எனக்குக் குனியச் சொல்ல ஆர் இரிக்கா?" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டதும் என் மனம் இளகியது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. கவலையிலும் அவளுக்குத்தான் பெரிய பங்கு. அவளின் துக்கத்துக்கு முன்னால் என்னுடைய எதுவும் எடுபடாது. ஊர் முழுக்க அவளிடம் மெதுவாகக் கதைத்தது. என்னிடம் எல்லோரும் வழமைபோல் கதைத்தார்கள்.

அதற்கடுத்த வருசம் வாவிக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கியது. இங்கிருந்து செல் குண்டு போகும், விழுகிற சத்தம் தண்ணீருக்கு மேலால் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எங்கள் வீட்டை நினைத்தேன். பிறகு எங்கள் மேற்குக் கரை, படுவான்கரைச் சனம் முழுக்க வாவியைக் கடந்து வந்தது. அம்மாவும் அப்பாவும் ஒரு மாட்டையும் ஓட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். மாமி வீட்டில் இருக்கச் சொன்னோம். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா அடம்பிடித்ததால் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு முகாமில் கூடாரம் எடுத்தார்கள்.

வந்து சில நாளில் அம்மா எனக்குச் சொல்லாமல் மைதானத்துக்கு வந்திருக்கிறா. நான் ஓட்டத்தைத் தொடங்கியிருந்தேன். கோல் கையில், முழங்கால் உயர, தூரத்துத் தென்னையைப் பார்த்தபடி. என் வாழ்க்கையில் அதுவரைக்கும் ஓடியதில் அதுதான் நல்ல ஓட்டம் என்று எனக்கே தெரிந்தது. பெட்டிக்குக் கிட்ட வரும்போது வேலிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கூக்குரல் கேட்டது.

"குனி புள்ள! குனி!"

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. அப்படியே மடிந்தது. கோல் கோணலாகக் குத்தி என்னைப் பக்கவாட்டில் எறிந்தது. சாக்குகளுக்கு வெளியே, வெறும் நிலத்தில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது.

முதலில் ஓடிவந்து தூக்கியவள் அவள்தான். பிறகு அம்மா வந்தா. என்னைக் கட்டிப்பிடித்து அழுதா, அழுதுகொண்டே ஏசினா. "ரோட்டால போறவன் எல்லாம் பாக்கிறான். இப்பிடியா நிமிந்துகொண்டு ஓடுவாய்? இங்கயும் வாகனத்தில வந்து ஏத்துறாங்கள் எண்டு சொல்றாங்க." சேர் ஏதோ சொல்ல வந்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோலைப் பொறுக்கப் போனார். பிறகு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, என் கையைப் பிடித்திருந்தவளைப் பார்த்தா.

"இது ஆர்ர புள்ள?"

சொன்னேன். தாயைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்தது. அம்மா என்னை விட்டுவிட்டு அவளின் தலையைத் தடவினா.

மணிக்கட்டு சுகமாகும்வரை நான் ஓரமாய் இருந்தேன். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் முகாமில் இருந்து நடந்து வருவா. எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவளைப் பார்ப்பா. "என்ன வடிவா ஓடுது" என்பா. நான் கேட்டேன், "அப்ப அவளைக் குனியச் சொல்லுங்களன். அவளுக்கு மட்டும் பயமில்லையா?" எரிச்சலில் கேட்டதுதான். அம்மா அதை யோசித்தா. அந்தக் கிழமை முகாமில் ஒரு பெண் பிள்ளை தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பி வராமல் இருந்தது. அம்மாவின் முகம் மாறியது.

மறுநாள் அம்மா சீப்போடும் ரிபனோடும் வந்தா. மாமியின் வாசலில் அவளை இருத்தி, ரெட்டைப் பின்னல் பின்னினா. எனக்குக் கட்டுகிற அதே சிவப்பு ரிபன். "தோளை உள்ளுக்கு இழு மகள். நாடியைத் தாழ்த்து. ஓம், அப்பிடித்தான். ஒன்ட தாய் இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா."

அவள் குனிந்தாள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். அவள் முகத்தில் அப்படியொரு ஒளி. கோலூன்றி எந்த உயரத்தைத் தாண்டியபோதும் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"சரியா அம்மா?" என்று கேட்டாள். என் அம்மாவை அம்மா என்றாள்.

அதுவரை என் சேரை எடுத்தாள், மாமியை எடுத்தாள், நடுத்துண்டை எடுத்தாள், எல்லாவற்றையும் சகித்தேன். இதைச் சகிக்க முடியவில்லை. குனி என்ற சொல்லை நான் வெறுத்தேன், அது என் முதுகைக் கெடுத்தது, மணிக்கட்டைக் கெடுத்தது. ஆனால் அது எனக்கென்று என் அம்மா சொன்ன சொல். அதை இன்னொருத்திக்குச் சொல்வா என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

அவள் அதன்பிறகு எப்போதும் குனிந்து திரிந்தாள். ரோட்டில் குனிந்தாள், வகுப்பில் குனிந்தாள், மைதானத்திலும் குனிந்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகமாகக் குனிந்தாள். கோல் அவளை உதறித் தள்ளத் தொடங்கியது. முன்பு சும்மா தாண்டிய உயரத்தில் குறுக்குத் தடியைத் தட்டி விழுத்தினாள். சேருக்குத் தலைகால் விளங்கவில்லை. "உனக்கு என்ன நடந்தது?" என்று கத்தினார். அவள் "தெரியா சேர்" என்று சொல்லிவிட்டு, வேலிப் பக்கம் அம்மா வந்துவிட்டாவா என்று கிறுகிப் பார்த்தாள்.

எனக்குக் கை சுகமாகியிருந்தது. நான் அவளைவிட உயரமாகப் பாய்ந்தேன். முதல்முறையாக மைதானத்தில் "இவளைப் பார்" என்று சேர் என்னைக் காட்டினார். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்தபோது நான் வேலியைப் பார்த்தேன். அம்மா அவளுக்குப் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் அவளை நான்தான் வாவிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஓடு" என்றேன்.

ஓடினாள். குனிந்து ஓடினாள், விழுந்தாள். நான் முன்பு விழுந்ததைப்போலவே.

"நிமிந்து ஓடு."

"அம்மா குனியச் சொன்னவ."

"அது என்ட அம்மா. எனக்குச் சொன்னது. நீ குனியத் தேவையில்ல."

அவள் தண்ணீரில் இருந்து எழும்பாமலே என்னைப் பார்த்தாள். "நீ குனியல்லத்தானே" என்றாள். "நீ இப்ப கேக்கிறதே இல்ல. அவ பாவம். அதான் நான் கேக்கிறன்."

என்னிடம் கோபம்தான் இருந்தது. "நீ இப்பிடியே கிட. நான் மாகாணப் போட்டிக்குப் போறன். நீ ரெட்டைப் பின்னலோட வேலியில நில்லு. என்ட அம்மாவுக்குப் பக்கத்தில நிண்டு எனக்குக் கை தட்டு." சொல்லிக்கொண்டே அவளின் பின்னால் போய், அவளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்குத் தள்ளினேன். பலமாகத்தான் தள்ளினேன். அவள் இரண்டு எட்டுத் தடுமாறினாள். பிறகு முழங்கால் தண்ணீருக்கு மேலே வந்தது. பிறகு மற்ற முழங்கால். பிறகு அவள் போய்க்கொண்டேயிருந்தாள், கரையோரமாக, கண்ணா மரங்களின் நிழல்கள் வரைக்கும். ஒரு பின்னலில் ரிபன் அவிழ்ந்து தண்ணீரில் கிடந்தது.

திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாள். "அம்மாவுக்கு என்ன சொல்றது?"

"நான் சொல்றன்" என்றேன்.

அன்று பின்னேரம் முகாமுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளை விட்டுவிடுங்கள், அவள் நல்லாப் பாய்கிறவள், குனிந்தால் அடிபடுவாள், வேண்டுமானால் நான் மைதானத்துக்கு வெளியே குனிந்தே திரிகிறேன் என்றேன். அம்மா சுள்ளியை முறித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தா. இன்னும் இரண்டு சுள்ளி முறித்தா.

"மைதானத்தில நிமிருங்க" என்றா கடைசியில். "ரோட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் குனியோணும்."

என் நல்ல மனதைப் பார்த்து அம்மா நெகிழ்ந்துபோனா. மாமியிடமும் சொல்லியிருக்கிறா, "மகளுக்கு அந்தப் புள்ளையில எவ்வளவு பாசம்." நான் மறுக்கவில்லை. பாசம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

சண்டை ஓய்ந்து அம்மாவும் அப்பாவும் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அதற்கடுத்த வருசம் டவுன் மைதானத்தில் மாகாணப் போட்டி. அம்மா பாதை ஏறி, பஸ் பிடித்து, சோற்றுப் பார்சலோடு வந்திருந்தா. கோல் பிடித்த பெண்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கினோம். கடைசியில் நானும் அவளும் மட்டும் மிஞ்சினோம். நான் என் உயரத்தின் உச்சத்தைத் தொட்டேன். முதுகு ஒரு இடத்திலும் மடியவில்லை, அது எனக்குத் தெரியும். தடி ஆடியது, விழவில்லை. பிறகு அவள் வந்தாள், அதற்கு மேலே வைத்த தடியைத் தொடாமலே போய் இறங்கினாள். நான் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தடி என்னோடு சேர்ந்து விழுந்தது.

அம்மா ஓடிவந்து முதலில் அவளைத்தான் கட்டிப்பிடித்தா. பிறகு என்னை. "நீயும் நல்லாத்தான் பாய்ஞ்சாய்" என்றா. அந்த 'உம்' என் தொண்டையில் மீன்முள்ளைப்போல் கனநாள் நின்றது.

அவளைக் கொழும்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்காகச் சேர்த்தார்கள், தங்குமிடமும் சாப்பாடும் தந்து. மாமி அவளுக்குப் பை தைத்துக் கொடுத்து அழுதா. அவள் போனதும் கட்டில் முழுவதும் எனக்கு. மாமி மீனின் நடுத்துண்டை என் பீங்கானில் வைத்தா. மைதானத்தில் யாரும் யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. நான் கொஞ்ச நாள் ஓடினேன். என் ஓட்டம் சரியாகத்தான் இருந்தது என்று சேர் சொன்னார். எனக்கு முன்னால் பாய ஆள் இல்லாதபோது தடியை எங்கே வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பரீட்சை வந்தது, விட்டுவிட்டேன்.

வைகாசியில் யுத்தம் முடிந்ததாகச் சொன்னார்கள். சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். மாமி பழக்கத்தில் மெசினுக்குக் கீழே குந்திவிட்டா, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பினா. வன்னியில் ஆட்கள் இருந்த வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சிரித்தா, உள்ளே கூட்டிக்கொண்டு போனா.

சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. அவள், கோலோடு, தடிக்கு மேலே. அம்மா சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தா. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஒரே விளையாட்டுப் படம்.

"என்ட படம் ஒண்டும் இல்லையா?" என்றேன்.

"நீ பேப்பரில வரல்லையே" என்றா அம்மா, உள்ளதைச் சொல்கிற குரலில்.

அதற்கடுத்த விடுமுறைக்கு அவள் எங்கள் ஊருக்கு வந்தாள், முதல்முறையாக வாவியைக் கடந்து. அம்மா ஊர்க்கோழி அடித்துக் கறி வைத்தா. அறுவடை முடிந்த வட்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கதைத்துக்கொண்டே நடந்தோம். கொழும்பில் வளைகிற கோல் நாலு விதமாக இருக்கிறதாம். மெத்தை இடுப்பு உயரமாம். சாப்பாட்டில் உறைப்பே இல்லையாம். நித்திரை வராதபோது மாமியின் மெசின் சத்தத்தை நினைப்பாளாம். அதைக் கேட்டதும், அந்தச் சத்தம் எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஓம், நீ குடுத்து வச்சவள்" என்றாள்.

அவளின் குரலில் அது இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, வருசக்கணக்காக எனக்குள்ளே கேட்ட அதே எரிச்சல். அவளிடமும் அது இருந்திருக்கிறது. எனக்கு அன்று வந்த சந்தோசத்தை மறைப்பதற்கு நான் வேறு பக்கம் திரும்பிக் கொக்கு ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

பின்னேரம் அவளைத் துறைவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் திரும்பி நடந்தோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா, "பாத்தியா, எவ்வளவு அடக்கமான புள்ள. அவளை மாதிரி..."

"காணும், விடுங்க அம்மா" என்றேன். "வீட்ட போவம்."